கையேட்டுக்கு எந்த பைண்டிங்? அச்சுக்குக் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் சிப்காட்டுக்கோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கோ போகிற இயந்திரக் கையேடு அலமாரியில் தூங்குவதில்லை. எண்ணெய்க் கையோடு மெக்கானிக் புரட்டுவார். போல்ட்டைக் கழற்றும்போது அது விரிந்தபடியே கிடக்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று அதற்குப் பெர்ஃபெக்ட் பைண்டிங் போடுவதுதான் பெரிய தவறு. முதுகில் பசை தடவி அட்டை ஒட்டுகிற முறை அது. விட்டால் மூடிக்கொள்ளும், அழுத்தி மடக்கினால் முதுகு வெடித்துத் தாள் கையோடு வந்துவிடும்.

சரி, ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு இரட்டைக் கம்பி வளையம் மாட்டுகிற வைரோ போடலாமா? இரண்டு பக்கமும் நேராகச் சேர்வதால், பரந்த வரைபடங்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் கம்பி நசுங்கினால் தாள் திரும்பாது. துறைமுகம் பக்கம் படகு என்ஜினோடு இருக்கப்போகிற கையேடு என்றால் உப்புக்காற்று வேறு. பூச்சு உரிந்த இடத்தில் துரு ஏறி, தாளிலும் கறை படியும். அங்கே பிளாஸ்டிக் ஸ்பைரலே போடுங்கள்.

அடுத்தது மார்ஜின். எந்த பைண்டிங் என்று முடிவு செய்யாமலே பக்கத்தை வடிவமைத்துவிடுகிறார்கள். அப்புறம் அட்டவணையின் ஓரத்தில் இருந்த முறுக்குவிசை அளவு 145-இல் 1 பைண்டிங் துளையோடு போய், 45 என்று நிற்கும். அதைப் பார்த்து ஒருவர் போல்ட்டை முறுக்கினால் என்ன ஆகும்? உள்ஓரத்தில் 20 மி.மீ. விடுங்கள். இருபுறமும் அச்சிட்டால் அந்த ஓரம் ஒரு பக்கத்தில் இடது, மறுபக்கத்தில் வலது என்று மாறும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

தாள்களை நடுவில் மடித்து மடிப்பில் பின் அடிக்கிற ‘சென்டர் பின்’ முறை, சிறு புத்தகங்களுக்குப் போதும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும்.

பக்கங்கள் அடிக்கடி மாறும் கையேடு என்றால் ரிங் ஃபைல். வட்ட ரிங்கில் அடித்தாள்கள் வளைவில் சிக்கிக் கிழியும், அதனால் ‘டி’ வடிவ ரிங் கேளுங்கள். விளிம்புவரை திணிக்காதீர்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது ‘200’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கமா தாளா என்று சொல்ல வேண்டும். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் 200 பக்கம் இருபுறமும் அச்சிட்டால் 100 தாள், ஏறக்குறைய 10 மி.மீ. கனம், 200 தாள் என்றால் அதில் இரு மடங்கு. ஸ்பைரலின் அளவு அதைவிடச் சில மி.மீ. பெரிதாக இருந்தால்தான் தாள் தடையின்றிப் புரளும். அச்சடிக்கும் முன்பே அதே எண்ணிக்கையில் வெற்றுத்தாளை வைத்து ஒரு மாதிரி கட்டித் தரச் சொல்லுங்கள்.