டிராஃப்டில் மேலே ஏறலாமா? ஒரு வெள்ளைத்தாள் கணக்கு

2024 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதிப் போட்டியில் பாஸ்டனுக்கு ஜேசன் டேட்டம், டல்லாஸுக்கு லூக்கா டான்சிச். இருவருமே அவரவர் டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வில், 3-ஆவது பிக் (தேர்வு). இந்த முறைகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். டான்சிச்சுக்காக டல்லாஸ் 5-இலிருந்து 3-க்கு ஏறியது. டேட்டமை எடுத்த பாஸ்டனோ 1-இலிருந்து 3-க்கு இறங்கியிருந்தது. அப்படியானால் ஏறுவது சரியா, தப்பா? ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வரிசையை எழுதுங்கள். 30 அணிகள், இரண்டு சுற்று. பிளேஆஃபுக்குப் (சீசனின் இறுதிக் கட்ட ஆட்டங்களுக்கு) போகாத 14 அணிகளுக்கு லாட்டரி. முதல் 4 இடங்கள்தான் குலுக்கலில் வரும், மற்றவை அதிகம் தோற்றவருக்கு முதலில் என்ற கணக்குப்படி. 2019 முதல், கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம்.

படி 2: வீரர்களுக்கு எண் போடாதீர்கள், கோடு போடுங்கள். கிட்டத்தட்ட ஒரே தரம் என்று தோன்றுகிறவர்களை ஒன்றாக எழுதி, கீழே ஒரு கோடு. அடுத்த கூட்டம், அடுத்த கோடு. உங்கள் பிக் வரும்போது மேல் கூட்டத்தில் ஒருவராவது மிஞ்சுவார் என்றால் ஏற வேண்டியதே இல்லை. கோட்டுக்குக் கீழே மாட்டிக்கொள்வீர்கள் என்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை இந்தப் படியிலேயே முடிந்துவிடுகிறது.

படி 3: முன்னால் நிற்பவர்கள் யாரை எடுப்பார்கள்? 2017-இல் பிலடெல்பியா, 3-ஆவது பிக்கோடு வருங்கால முதல் சுற்று பிக் ஒன்றையும் பாஸ்டனுக்குக் கொடுத்து முதலிடத்தை வாங்கியது. எடுத்தது மார்கெல் ஃபுல்ட்ஸை. பாஸ்டன் அணி நிர்வாகத்தின் தலைவர் டேனி ஏஞ்சோ, முதலிடத்தில் எடுத்திருக்கக்கூடிய ஆளையே 3-ஆவதிலும் எடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். தனக்கு முன்னால் இருக்கும் இருவரும் டேட்டமைத் தொட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஃபுல்ட்ஸ் தோள் பிரச்சினையால் தவித்து, பிலடெல்பியாவுக்காக 33 வழக்கமான ஆட்டங்கள்தான் ஆடினார். அந்தக் காயத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது, அதற்காக அணியைத் திட்ட மாட்டேன். ஆனால் எதிராளிக்கு வேறு ஆள்மேல் கண் இருந்ததே, அதைத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

படி 4: விலை. டான்சிச்சுக்கு டல்லாஸ் கொடுத்தது 5-ஆவது பிக்கான டிரே யங், கூடவே 2019-இன் முதல் சுற்று பிக். ஆனால் அந்த பிக் முதல் ஐந்துக்குள் விழுந்தால் தரமாட்டோம் என்று ஒரு நிபந்தனை. கடைசியில் அது 10-ஆவதாக விழுந்து கைமாறியது. நீங்களும் இப்படி ஒரு பூட்டு போடாமல் வருங்கால பிக்கைக் கொடுக்காதீர்கள். அப்புறம் ஸ்டெப்பியன் விதி: வரப்போகும் இரண்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் முதல் சுற்று பிக்கே இல்லாமல் ஒரு அணி தன்னை மொட்டையடித்துக்கொள்ள முடியாது. 1980-களில் கிளீவ்லேண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி.

படி 5: நடுவிலும் பாருங்கள். 2017-இலேயே யூட்டா 24-இலிருந்து 13-க்கு ஏறி டானவன் மிட்செலை எடுத்தது. கூடுதலாகக் கொடுத்தது டிரே லைல்ஸ் என்ற ஒரே வீரரை. இந்த மாதிரி மலிவான ஏற்றம்தான் எனக்குப் பிடிக்கும். லீகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான நிகோலா யோகிச் 2014-இல் 41-ஆவதாகப் போனவர் என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள், கை துறுதுறுக்கும்போது உதவும்.

டிராஃப்ட் இந்தியாவில் விடிகாலையில் ஓடும். முதல் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் 5 நிமிடம். பெயர் அறிவிக்கும் முன் உங்கள் தாளில் ஒரு பெயரை வட்டமிட்டுவிடுங்கள். அறிவித்த பிறகு வட்டமிட்டால் ஆட்டம் செல்லாது.