தெற்குக் கோபுர உயரத்திலிருந்து யானைமலை: உரையாடல் செயலியைக் கொண்டு முப்பரிமாண மதுரையைப் பார்க்கும் முறை

மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்திற்கு மேலே நின்று பார்த்தால் யானைமலை எப்படித் தெரியும் என்பதை வீட்டுக் கணினியிலேயே பார்த்துவிடலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2015 முதல் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் புரோ மென்பொருளும், சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏதேனும் ஓர் உரையாடல் செயலியும் போதும்.

படி 1. கூகுள் எர்த் புரோவில் கோயிலின் பெயரைத் தேடி, இடப்பக்கப் பட்டியலில் நில மேடுபள்ளங்களைக் காட்டும் ‘டெரெய்ன்’ அடுக்கு தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் யானைமலையும் வயல்வெளியைப் போலத் தட்டையாகவே கிடக்கும்.

படி 2. கோபுரம் இருக்கும் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், செயலியிடம் கேட்காதீர்கள். உலாவியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, கோபுரத்தின் மீது வலச்சொடுக்கினால் எண்கள் தோன்றும். நான் முதல் முறை சோம்பல்பட்டுச் செயலியிடமே கேட்டபோது, மாசி வீதிக்கும் ஆவணி மூல வீதிக்கும் வேறுபாடு தெரியாமல், கோபுரத்தைக் கடைத்தெருவின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது.

படி 3. இடங்களையும் உருவங்களையும் பார்வைகளையும் கூகுள் எர்த்துக்கு எழுத்தில் சொல்லும் கோப்புக்குக் கேஎம்எல் (KML) என்று பெயர். இப்போது செயலியிடம் இப்படிக் கேளுங்கள்: “கூகுள் எர்த் புரோவில் திறக்கக்கூடிய கேஎம்எல் கோப்பு ஒன்று வேண்டும். நான் தரும் புள்ளியை மையமாகக் கொண்டு, தரையிலிருந்து 52 மீட்டர் உயரமுள்ள ஒரு பெட்டியை எழுப்பவும். அதே புள்ளியில், தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில், வடகிழக்கை நோக்கி ஒரு கேமராப் பார்வையையும் வைக்கவும்.” இதன் கீழே உங்கள் எண்களை ஒட்டுங்கள். 1559இல் கட்டப்பட்ட ஒன்பது நிலைக் கோபுரம் தீப்பெட்டியைப் போலத்தான் வரும். உயரத்தை உணர்வதற்கு அது போதும்.

படி 4. செயலி தரும் வரிகளை நோட்பேடில் ஒட்டி, ‘.kml’ என்ற பின்னொட்டுடன் சேமிப்பதற்கு முன் இரண்டு இடங்களைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். தொடங்குபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் தருகிறது. கேஎம்எல் கோப்பிலோ தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். அதாவது 78.1 என்று தொடங்கும் எண் முன்னாலும் 9.9 என்று தொடங்கும் எண் பின்னாலும் இருக்க வேண்டும். இவை இடம் மாறினால் நம் கோபுரம் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய பனிக்கடலில் போய் நிற்கும். அடுத்தது ‘altitudeMode’ என்ற வரி. அதில் ‘absolute’ என்று இருந்தால் உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படும். மதுரையின் தரையே கடல்மட்டத்திற்கு 100 மீட்டருக்கு மேல் இருப்பதால் 52 மீட்டர்ப் பெட்டி மண்ணுக்குள் புதைந்துவிடும். அந்த இடத்தில் ‘relativeToGround’ என்று இருக்க வேண்டும். தவறு கண்டால், எந்த வரியில் என்ன தவறு என்று செயலியிடம் தமிழிலேயே சொல்லுங்கள், திருத்தித் தந்துவிடும்.

படி 5. கோப்பைத் திறந்து, இடப்பக்கம் தோன்றும் பெயரை இருமுறை சொடுக்கினால் கேமராப் பார்வைக்குப் போய்விடுவீர்கள். வெறும் கூரைகள் மட்டும் தெரிந்தால், கோப்பில் கேமராவின் சாய்வைக் குறிக்கும் ‘tilt’ எண் குறைவாக இருக்கிறது என்று பொருள். 0 என்பது நேர் கீழே, 90 என்பது தொடுவானம். நான் 85 வைக்கிறேன். ‘heading’ என்பது திசை: வடக்கு 0, கிழக்கு 90. அதை 55 அளவில் வைத்தால் யானைமலை எதிரே படுத்திருக்கும். 230 அளவில் வைத்தால் திருப்பரங்குன்றம் தெரியும்.