எர்ஹாய் ஏரிக்கரையில் ஐந்து இரவு: டாலிக்கு நிதானமாகப் போய்வருவது எப்படி

சீனாவின் தென்மேற்கில், யுன்னான் மாகாணத்தில், மேற்கே சாங்ஷான் மலை, கிழக்கே எர்ஹாய் ஏரி, நடுவே வயல்களும் சிற்றூர்களும். அதுதான் டாலி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். போன நவம்பரில் அம்மாவும் நானும் அங்கே ஐந்து இரவு தங்கிவிட்டு வந்தோம். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி, சைவம் (முட்டை சாப்பிடுவார்). ஓடி ஓடி இடம் பார்க்கும் பயணம் எங்களுக்கு ஒத்துவராது. வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே இருப்பதால், செய்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். விமானச் சீட்டு எடுப்பது, பெட்டி கட்டுவது போன்றவை உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

படி 1: எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்

யுன்னான் என்றாலே குன்மிங், டாலி, லீஜியாங், ஷாங்ரி-லா நான்கையும் ஆறு நாளில் சுற்றிக் காட்டும் திட்டங்கள்தான் கண்ணில் படும். அதில் டாலிக்கு ஒரு நாள் கிடைக்கும். அந்த ஒரு நாளில் வண்டியில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு இடத்தில் படம் எடுத்து, மாலையில் கிளப்பிவிடுவார்கள். ஏரியின் நீளமே 40 கிலோமீட்டருக்கு மேல். சுற்றி வந்தால் 100 கிலோமீட்டரைத் தாண்டும். நாள் முழுக்க வண்டியில்தான் கழியும்.

நான் லீஜியாங்கையும் ஷாங்ரி-லாவையும் அடியோடு எடுத்துவிட்டேன். ஷாங்ரி-லா 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், அம்மாவை அங்கே கூட்டிப்போக எனக்குத் துணிவில்லை. குன்மிங்கில் ஒரு இரவு, டாலியில் ஐந்து இரவு. அவ்வளவுதான். நீங்களும் குறைந்தது நான்கு இரவு வையுங்கள். அதற்கும் குறைவு என்றால் வேறு ஊருக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

படி 2: மாதம்

மே முதல் அக்டோபர் வரை மழை. நவம்பர் முதல் வானம் தெளிந்துவிடும், சைபீரியாவிலிருந்து செவ்வலகுக் கடற்காகங்களும் ஏரிக்கு வந்து இறங்கும். மார்ச் வரை அவை இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வயல்களில் மஞ்சள் மஞ்சளாகக் கடுகுப் பூ. ஆனால் அப்போது காற்று பலம். அக்டோபர் முதல் வாரத்தையும் சீனப் புத்தாண்டு விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள், நாடே பயணத்தில் இருக்கும்.

நவம்பரில் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இருட்டியதும் நன்றாகக் குளிரும். பல விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி இருக்காது. மெத்தைமேல் மின்போர்வை விரித்திருப்பார்கள். படுப்பதற்கு அரை மணி முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.

படி 3: விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் வரை வேண்டாம்.

படி 4: பணமும் போனும், வீட்டை விட்டுக் கிளம்புமுன்

அங்கே கீரை விற்கும் பாட்டிகூட கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். அலிபே செயலியை இறக்கி, கடவுச்சீட்டைக் காட்டி அடையாளத்தை உறுதிசெய்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணையுங்கள். ரூபே அட்டை உதவாது. இதை ஊரிலேயே முடித்துவிட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், அட்டையை இணைக்கும்போது வங்கியிலிருந்து ஓடிபி வரும். அங்கே போய் வேறு சிம் போட்டுவிட்டால் அது உங்கள் கைக்கு வராது. வங்கிச் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் திறந்துவையுங்கள். 200 யுவானுக்குள் செலவு செய்தால் வெளிநாட்டு அட்டைக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, தாண்டினால் 3 விழுக்காடு. கைவசம் 500 யுவான் நோட்டாகவும் இருக்கட்டும்.

வீசாட்டிலும் பணம் கட்டலாம். எனக்கு அலிபேதான் வசதி. டாக்சி அழைக்கும் டீடி, மொழிபெயர்ப்பு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

கூகுள், வாட்ஸ்அப் இரண்டும் உள்ளூர் இணையத்தில் திறக்காது. ஊரிலேயே வாங்கிய ரோமிங் இ-சிம் என்றால் திறக்கும். ஆனாலும் கூகுள் வரைபடத்தை நம்பாதீர்கள். சீனாவில் வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் கணக்கே வேறு. அதனால் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் அது காட்டும் புள்ளிக்கும் சில நூறு மீட்டர் தள்ளிப்போகும். காவ்தே என்ற உள்ளூர் வரைபடத்தை இறக்குங்கள். ஆங்கிலத்திலும் வருகிறது.

படி 5: ரயில்

குன்மிங்கிலிருந்து டாலிக்கு அதிவேக ரயில் 2018 ஜூலையில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம், இரண்டாம் வகுப்புக்குச் சுமார் 145 யுவான். பயணத்துக்கு 15 நாள் முன்பு பதிவு திறக்கும். கடவுச்சீட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்துப் பிசகாமல் அப்படியே போடுங்கள். தனியாகச் சீட்டு எதுவும் தரமாட்டார்கள், கடவுச்சீட்டுதான் சீட்டு.

படி 6: எங்கே தங்குவது (இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்)

இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

டாலி என்ற ஒரே பெயரில் மூன்று இருக்கின்றன. ஒன்று, பாய் இன மக்களின் பெயரால் அமைந்த டாலி பாய் தன்னாட்சிப் பகுதி. அது பல மாவட்டங்களை அடக்கிய பெரிய நிலப்பரப்பு. இரண்டு, அதன் தலைநகரான டாலி நகரம். அதன் மையப்பகுதிக்கு ஷியாகுவான் என்று பெயர், ஏரியின் தென்முனையில் இருக்கிறது, அடுக்குமாடிகளும் பேருந்து நிலையங்களுமான நவீன ஊர். மூன்று, நீங்களும் நானும் படத்தில் பார்த்த, மதில்சுவருக்குள் கல்பாவிய தெருக்கள் ஓடும் டாலி பழைய நகரம். அது ஷியாகுவானிலிருந்து வடக்கே 13, 14 கிலோமீட்டர். ரயில் வந்து நிற்பது ஷியாகுவானில்.

நான் விடுதி தேடும் தளத்தில் டாலி என்று மட்டும் அடித்தேன். மலிவாக, நல்ல மதிப்பெண்ணோடு, ‘ஏரி பார்த்த அறை’ என்று ஒன்று வந்தது. மூன்று இரவுக்குப் பணம் கட்டிவிட்டேன். போய் இறங்கினால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினைந்தாவது மாடி. அம்மா திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, “ஏரி எங்கேடி?” என்று கேட்டார். எதிரே இன்னொரு அடுக்குமாடி. அதற்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே நீலமாக ஒரு கீற்று. திருப்பித் தர முடியாத பதிவு என்பதால் மீதி இரண்டு இரவுப் பணம் போனது போனதுதான். மறுநாள் காலையில் பழைய நகரத்துக்கு மாறினோம்.

அங்கே இன்னொரு விஷயம் புரிந்தது. பழைய நகரமும் ஏரிக்கரையில் இல்லை! கிழக்கு வாசலிலிருந்து கரைக்கு நாலு கிலோமீட்டர் போக வேண்டும். ஊர் மலையடிவாரத்துச் சரிவில் இருக்கிறது. ஏரிக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டு வழிக்கும் வண்டி பிடியுங்கள்.

முன்பு ஏரிக்கரையை ஒட்டியே விடுதிகள் வரிசையாக இருந்தனவாம். கழிவு ஏரியில் கலந்து தண்ணீர் கெட்டதால் 2017இல் கரையோர விடுதிகளை மூடச் சொன்னார்கள். பிறகு மேற்குக் கரையில் 1,800க்கும் மேற்பட்ட குடும்பங்களை வேறிடம் மாற்றி, அந்த நிலத்தில் மரமும் நாணலும் வளர்த்து, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டார்கள். இன்று நாம் அனுபவிக்கும் அழகுக்காக அத்தனை பேர் வீட்டை விட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் நடந்தபோதெல்லாம் இது என் நினைவில் இருந்தது.

சரி, பதிவு செய்யுமுன் இதைச் செய்யுங்கள். விடுதியின் முகவரியைக் காவ்தேயில் ஒட்டி, பழைய நகரத்தின் தெற்கு வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பழைய நகரத்துக்கு உள்ளூரில் டாலி குச்செங் என்று பெயர். குச்செங் என்ற சொல் முகவரியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஷியாகுவான் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து, வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று விடுதிக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். தங்குபவரின் கடவுச்சீட்டு விவரத்தை அவர்கள் காவல்துறையில் பதிய வேண்டும். சில சின்ன விடுதிகளுக்கு அந்த வேலை பழக்கமில்லை.

என் பரிந்துரை: பழைய நகரத்தில் மூன்று இரவு, வடக்கே 18 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஷிஜோவில் இரண்டு இரவு. கிழக்குக் கரையில் ஷுவாங்லாங் இருக்கிறது. மாலையில் சாங்ஷானுக்குப் பின்னால் வெயில் இறங்குவதை அங்கிருந்துதான் முழுதாகப் பார்க்க முடியும். ஆனால் கூட்டம் அதிகம், ஒரு பிற்பகல் போய்வந்தால் போதும். மேற்குக் கரையில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். அங்கே விடியலில்தான் ஏரியைப் பார்க்க வேண்டும்.

படி 7: நாட்களை எப்படி நிரப்புவது

ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை. இந்த விதியை நாங்கள் கடைசிவரை மீறவில்லை.

ஏரிப்பாதைக்கு ஒரு நாள். மேற்குக் கரையில் 46 கிலோமீட்டர் நீளம், கார்களுக்கு அனுமதி இல்லை. முழுவதும் போக வேண்டியதில்லை. “ஷியாகுவான் காற்று, ஷாங்குவான் பூ, சாங்ஷான் பனி, எர்ஹாய் நிலா” என்று அந்த ஊர்ப் பெருமையை நான்காகச் சொல்வார்கள். அந்தக் காற்று தென்முனை மலை இடுக்கு வழியாக நுழைகிறது. ஆகவே தெற்கிலிருந்து வடக்கே ஓட்டினால் காற்று முதுகைத் தள்ளும். காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள், பிற்பகலில் காற்று ஏறும். நான் கரையோரச் சிற்றூரான லோங்கானிலிருந்து அடுத்த ஊரான சாய்சுன் பக்கமாகச் சைக்கிளில் போனேன். அம்மா லோங்கான் படகுத்துறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கடற்காகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷிஜோவில் இரண்டு நாளும் தெருவில் நடந்ததுதான். அங்கே வாழும் பாய் இன மக்களின் வீடுகளில் முற்றத்தின் மூன்று பக்கம் அறைகள், நாலாவது பக்கம் சுண்ணாம்பு அடித்த ஒரு வெள்ளைச் சுவர். வீடு மலைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்திருக்கும். மதியத்துக்கு மேல் மேற்கு வெயில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி முற்றத்துக்குள் விழும். நாங்கள் தங்கிய வீட்டில் நாலு மணிக்கு விளக்கே தேவைப்படவில்லை.

பக்கத்து ஊரான ஜோச்செங்கில் அவுரிச் சாயம் தோய்க்கிறார்கள். துணியை நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, பலமுறை தோய்த்து, உலர்த்தி, முடிச்சைப் பிரிப்பார்கள். கட்டிய இடம் வெள்ளைப் பூவாக விரியும். ஒரு கைக்குட்டை தோய்த்துப் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள்.

சாங்ஷானுக்கு மூன்றாம் நாளுக்கு முன் போகாதீர்கள். மலையின் உச்சி 4,122 மீட்டர். ஷிமாதான் கேபிள் கார் உங்களைக் கொஞ்ச நேரத்திலேயே 3,900 மீட்டர் பக்கம் கொண்டுபோய் விடும், தலை சுற்றும். காற்றடித்தால் நிறுத்தியும் விடுவார்கள். அம்மாவுக்காக நாங்கள் அதை விட்டுவிட்டு, ஏறத்தாழ 2,600 மீட்டரில் மலையை ஒட்டி ஓடும் கல்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தோம். ஏறி இறங்காத பாதை, கீழே ஏரி முழுதும் தெரியும். எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

சாப்பாடு

சைவர்களுக்கு டாலி சிரமமான ஊர் இல்லை. பல உணவகங்களில் வாசலிலேயே காய்கறி, காளான், கீரைகளைத் தட்டுத்தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டியதைக் கையால் காட்டினால் வதக்கித் தருவார்கள். ஹாய்சாய் என்று ஒரு நீர்க்கீரை, கயிறுபோல நீண்ட தண்டு, வெள்ளைப் பூ. தெளிந்த தண்ணீரில் மட்டுமே வளரும். சேப்பங்கிழங்கோடு குழம்பாக வைப்பார்கள், அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கினார். மழைக்காலத்தில் போனால் காட்டுக் காளானை நன்றாக வெந்த பிறகே சாப்பிடுங்கள். அரைவேக்காட்டில் சில வகைகள் நஞ்சு.

ருஷான் என்பது ஏடுபோல மெல்லிய பாலாடைக்கட்டி. புளிக்கவைத்த நீரில் பாலைத் திரியவைத்து, இழுத்து, குச்சியில் சுற்றிக் காயவைக்கிறார்கள். தெருவில் அதைக் கரியடுப்பில் காட்டும்போது கொப்புளம் கொப்புளமாக உப்பும், மேலே ரோஜா ஜாம் தடவிச் சுருட்டித் தருவார்கள். முதல் கடி புளிப்பு, அப்புறம் தித்திப்பு.

பின்சேர்க்கை 1: படித்தவர்களில் இருவர் “சைவம் என்று எப்படிச் சொல்வது?” என்று கேட்டிருந்தார்கள். “வோ ச்சி சூ” என்று சொல்லலாம், ஆனால் தொனி மாறினால் புரியாது. “இறைச்சி, மீன், இறைச்சி எண்ணெய், இறைச்சிச் சாறு வேண்டாம், முட்டை, பால் பரவாயில்லை” என்று சீன எழுத்தில் மொழிபெயர்த்து, படமாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஐந்து நாளும் அதைத்தான் காட்டினோம்.

பின்சேர்க்கை 2: ஷிஜோ பாபா ரொட்டியைப் பற்றி எழுதவில்லையே என்று ஒருவர் கேட்டார். வேண்டுமென்றேதான் விட்டேன். கீழே ஒரு கரித்தட்டு, மேலே ஒரு கரித்தட்டு, நடுவே ரொட்டி. மேல்தட்டைத் தூக்கும்போது வரும் மணம் தெருமுனை வரை இழுக்கும். கார வகையில் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கும். இனிப்பு வகையில் உள்ளே ரோஜாச் சர்க்கரைதான், ஆனால் அதிலும் பன்றிக் கொழுப்பைத் தடவுவது உண்டு. “ஜூ யோ” என்று கேட்டு, தலையாட்டினால் நகர்ந்துவிடுங்கள். அம்மாவுக்காக நான் மூன்று கடையில் கேட்டேன். மூன்றிலும் தலையாட்டினார்கள். எனவே ரொட்டியை நான் மட்டும் சாப்பிட்டேன், அம்மாவுக்கு ருஷான் வாங்கினோம்.