வன்னியில் இருந்து மலைக்கு: இருவரும் ஒரு நாயும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தின் நீண்ட நடைபாதையான பீக்கோ ட்ரெயில், கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். லீவு கிடைக்கும்போது ஒவ்வொரு பகுதியாக, கணவன் மனைவியாக, வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு சில வருடங்களில் நடந்து முடிக்க நினைப்பது நல்ல ஆசைதான். ஆனால் வன்னிக்காரர் விடும் பிழைகளில் பாதிக்கு மேல் மலையைக் காணும் முன்பே, இங்கே பழகும் நாட்களிலேயே நடந்துவிடும்.

முதலாவது, நாயை அவிழ்த்து விடுவது. ‘ஊர் நாய்தானே, தன்பாட்டில் வரும்’ என்பார்கள். வரும், யானையைக் காணும் வரைக்கும். நாய் குரைத்துக்கொண்டு ஓடும், யானை திரும்பும், பயந்த நாய் நேரே உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே யானையும் வரும். இன்னொன்று மிதிவெடி. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தின்படி இலங்கை நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டிய கெடு 2028. அதாவது வேலை இன்னும் முடியவில்லை. உடும்பைத் துரத்தி நாய் பற்றைக்குள் பாய்ந்தால் அதைப் பிடிக்கப் பின்னால் ஓடுவது நீங்கள். மண்டையோட்டுப் பலகை இல்லாவிட்டாலும், சனம் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்காதீர்கள். கயிறு கட்டாயம். தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் அதே கயிறுதான், ஏனென்றால் கொழுந்து பறிப்பவர்கள் நடுவே ஓடும் நாயை எவரும் விரும்பமாட்டார்கள்.

அடுத்தது நேரம். வெயிலுக்குப் பயந்து இருட்டோடு கிளம்பச் சொல்வது பட்டணத்து அறிவுரை. காட்டோரக் கிராமங்களில் அந்த நேரம்தான் யானை வயலை விட்டுக் காட்டுக்குத் திரும்பும். ஆகவே விடியற்காலையில் நடப்பதென்றால் வவுனியாக் குளம் மாதிரி ஆள் நடமாட்டமுள்ள குளக்கட்டு. ஒதுக்குப்புறக் குளமென்றால் நன்றாக விடிந்த பிறகு, அதுவும் முதல்நாள் இரவு யானை வந்ததா என்று ஊரவரிடம் கேட்டுவிட்டு. ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். நாய்க்கு எங்களைப் போல வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். புறங்கையைக் கிரவலில் வைத்து ஏழு செக்கன் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. சூடு தணிய என்று கண்ட குளத்திலும் இறக்காதீர்கள், முதலை இருக்கும்.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமதரையில் பத்துக் கிலோமீற்றர் நடந்துவிட்டு மலைக்கு ஆயத்தம் என்று நினைப்பது பெரும் ஏமாற்றம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அது நின்றால் சரியாகும். முழங்காலைக் கெடுப்பது இறக்கம். அதைப் பழக எங்களிடம் குளக்கட்டுப் படிகள்தான் இருக்கின்றன. கட்டின் மண்சரிவில் ஏறி இறங்கித் தடம் விழுத்தினால் கமக்காரர் அமைப்பில் ஏச்சு வாங்குவீர்கள், அது நியாயமும்தான். ‘இங்கேயும் மலை இருக்கிறதே’ என்று வெடுக்குநாறிக்கோ குருந்தூருக்கோ நாயோடு கிளம்பவும் வேண்டாம். அவை கும்பிடப் போகும் இடங்கள்.

பருவத்தில்தான் பலர் சறுக்குவார்கள். எங்கள் மாரி ஐப்பசி, கார்த்திகை. எங்களுக்குக் கோடை கொளுத்தும் ஜூன், ஜூலையில் மலையகத்தின் மேற்குப் பக்கத்தில் மழை கொட்டும். அந்த மாதங்களில் போவதென்றால் ஹப்புத்தளை, எல்ல போன்ற ஊவாப் பக்கத்துப் பகுதிகளை எடுங்கள். மேற்குப் பகுதிகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது, ஆனால் வயல் செய்பவர்களுக்கு அப்போதுதான் பெரும்போக வெட்டு. இதை யோசிக்காமல் திட்டம் போட்டால் ஒருவர் களத்திலும் மற்றவர் ஹற்றனிலுமாக நிற்க வேண்டி வரும். தனியே முடித்த பகுதி இருவருக்கும் கணக்கில் சேருமா என்பதை முதலே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதுவே சண்டையாகும்.

நாயின் உடம்பைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. குட்டியென்றால் ஒன்றரை வயது வரைக்கும் நீண்ட ஏற்றம் வேண்டாம், எலும்பு முற்றாது. விசர் ஊசி போட்ட அட்டை கையில் இருக்கட்டும். வன்னியில் உண்ணி அதிகம், உண்ணிக் காய்ச்சலோடு மலையேறும் நாய் பாதிவழியில் படுத்துவிடும். பல்முரசு வெளிறியிருந்தாலோ சாப்பாட்டில் மனமில்லாமல் இருந்தாலோ பயணத்தைத் தள்ளிப்போட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மலையில் இரத்தம் குடிக்கும் அட்டை நாயின் மூக்குக்குள்ளும் ஏறும், ஓய்வெடுக்கும் இடமெல்லாம் பாருங்கள்.

பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள், வாகனச் செலவை முதலிலேயே கணக்கில் எடுங்கள். ஹோட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள்ளும் நாய்க்கு அனுமதியில்லை. அங்கே போக ஆசையென்றால் அன்று அதை வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இன்று ஐந்து வயதான நாய், நீங்கள் கடைசிப் பகுதிக்கு வரும்போது கிழடாகியிருக்கலாம். அதனால் செங்குத்தான, நீளமான பகுதிகளை முன்னுக்கு எடுத்து, தேயிலை றோட்டு வழியே மெதுவாக நடக்கக்கூடியவற்றைப் பின்னுக்கு வையுங்கள். வரிசைப்படிதான் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.