அடிக்கடி தொண்டை வலியா? காரணத்தைப் பிடிக்க ஒரு 40 பக்க நோட்டு போதும்

போன மழைக்காலத்தில் வாரத்தில் நாலைந்து நாள் தொண்டை வலியோடுதான் எழுந்தேன். வீட்டில் தீர்ப்பு முன்னாலேயே எழுதியாகிவிட்டது: "ஃப்ரிட்ஜ் தண்ணி குடிக்காதேன்னா கேக்குறியா?" குடிப்பதை நிறுத்தினேன், வலி நிற்கவில்லை. மெடிக்கலில் கேட்டு மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டேன். அடங்கியது போலிருந்தது, அடுத்த வாரம் திரும்ப வந்தது. தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, ஒரு வாரத்துக்குள் தானாகப் போய்விடும், ஆன்டிபயாடிக் அதில் ஒன்றும் செய்யாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

திரும்பத் திரும்ப வந்தால் எதைப் போட்டால் போகும் என்று தேடுவதை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். அதற்கான வழி இது.

படி 1: நோட்டு போட வேண்டாதவர்கள்

மூச்சு விடச் சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் ஒழுகுவது, வாய் திறக்க முடியாதபடி ஒரு பக்கம் மட்டும் கடும் வலி இருந்தால் இதைப் படிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மூன்று வாரம் தாண்டிய குரல் கரகரப்பு இருந்தாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். புகையிலை, பான் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்காக கார்பிமசோல் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அன்றைக்கே வெள்ளை அணுக்களை எண்ணும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த மாத்திரை அபூர்வமாக அவற்றை அபாயகரமாகக் குறைத்துவிடும்.

படி 2: மூன்று வாரம் எழுதுங்கள்

காலை எழுந்ததும், மதியம், படுக்கும் முன் என மூன்று வேளையும் வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள். பக்கத்திலேயே இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தும்மல், மூக்கடைப்பு, இருமல், காய்ச்சல், சத்தமாகப் பேசிய நேரம். காய்ச்சலைக் கை வைத்துப் பார்த்து எழுத வேண்டாம், தெர்மாமீட்டர் வையுங்கள். என் நோட்டில் ஒரு வரி இப்படி:

"வியாழன். காலை 6, மதியம் 2, இரவு 1. காய்ச்சல் இல்லை. சாப்பாடு 10.40, பரோட்டா சால்னா. படுத்தது 11.10."

படி 3: உள்ளே பாருங்கள்

கண்ணாடி முன் நின்று, மொபைல் டார்ச்சை வாய்க்குள் அடித்து "ஆ" சொல்லுங்கள். நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரு பக்கமும் இருக்கும் சதைதான் டான்சில். அதன் மேல் சீழ்போல வெள்ளைத் திட்டு இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக் குறியுங்கள். அரிசி நொய் மாதிரி கெட்ட வாடையோடு துணுக்கு வந்தால் அது டான்சில் கல், குச்சியால் நோண்டாதீர்கள்.

படி 4: நோட்டைப் படியுங்கள்

காலையில் வறண்டு வலித்து, தண்ணீர் குடித்த அரை மணியில் போய்விடுகிறதா? வாயைத் திறந்து தூங்குகிறீர்கள். மூக்கடைப்பு, குறட்டை, ஏசி மூன்றையும் சந்தேகப்படுங்கள்.

வீடு பெருக்கிய அன்று, ஒட்டடை அடித்த அன்று, பெட்டியிலிருந்து பழைய கம்பளி எடுத்த அன்று தும்மலோடு வந்தால் அது ஒவ்வாமை. மூக்குச் சளி தொண்டைக்குப் பின்புறமாக வழிந்து புண்ணாக்குகிறது. கொசுவர்த்தி, ஊதுபத்தி, சிகரெட் புகையும் இதே வேலையைச் செய்யும்.

மாலையில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை இறங்கினால் குரல் உழைப்பு. ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் எடுத்ததும் வாய் கொப்பளிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை படரும்.

இருமலே இல்லாமல் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு, டான்சிலில் வெள்ளைத் திட்டு எல்லாம் சேர்ந்து வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் இதை அசட்டையாக விடக்கூடாது. கவனிக்காமல் விட்டால் சிலருக்குச் சில வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு வரை பாதிக்கும். மருத்துவர் மருந்து எழுதினால் சொன்ன நாள் வரை முழுதாகக் கொடுங்கள். பென்சிலின் வகை என்றால் வழக்கமாக 10 நாள். இங்கேதான் ஆன்டிபயாடிக்குக்கு வேலை.

என் கதை இதில் எதுவும் இல்லை. நான் கடை சாத்திவிட்டு வீட்டுக்கு வரும்போதே மணி பத்து தாண்டிவிடும். ஞாயிறு லீவு, எட்டு மணிக்கே சாப்பாடு. நோட்டைப் புரட்டினால் மூன்று திங்கட்கிழமைக் காலையிலும் மார்க் 0 அல்லது 1. மற்ற நாளெல்லாம் 5, 6. வயிற்று அமிலம் படுத்ததும் எதுக்களித்துத் தொண்டை வரை வந்திருக்கிறது. நெஞ்செரிச்சல் ஒரு நாளும் இருந்ததில்லை, அதனால்தான் தோன்றவே இல்லை. நெஞ்சு எரியாமலும் இது வரலாம். தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பது, ஏதோ மாட்டியிருப்பது போன்ற உணர்வு இரண்டும் அடையாளம்.

படி 5: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

சாப்பாட்டு நேரம், தலையணை உறை, கொசுவர்த்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஒவ்வாமை சந்தேகம் என்றால் படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து இரண்டு வாரம் பாருங்கள். எதுக்களிப்பு என்றால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி விட்டு, கட்டிலின் தலைப்பக்கக் காலுக்கடியில் ஆறு அங்குலம் உயரம் கொடுங்கள். இது மெதுவாகத்தான் ஆறும், இரண்டு வாரத்தில் முடிவு கட்டாதீர்கள். நான் எட்டு மணிக்குக் கடையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஆறாவது வாரம் மார்க் 2-க்கு வந்தது.

வலிக்கும் நாளில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். மிளகு, பனங்கற்கண்டுப் பால் இதமாக இருக்கும். காரணத்தை இவை தொடாது.

படி 6: மருத்துவரிடம்

தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்துச் சளி எடுக்கும் பரிசோதனை என்றால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்க வேண்டும், பின்னால் எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். ஏ.எஸ்.ஓ. என்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனை. அதில் எண் கூடியிருந்தால் பதறாதீர்கள். அது முன்பு வந்துபோன தொற்றையும் காட்டும். டான்சிலை எடுப்பதைப் பற்றிப் பேசப் பொதுவாக ஒரு வருடத்தில் 7 முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5 முறை, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 முறை கடுமையாக வந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கும் தேதியோடு நோட்டில்தான் இருக்கும்.

நான் போனது மூன்றாவது வாரக் கடைசியில், கரகரப்பும் விடாததால். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம், கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். குரல்வளையின் பின்பக்கம் சிவந்திருந்ததைத் திரையில் காட்டிவிட்டு, "ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்றார். நோட்டை நீட்டினேன்.