மொட்டை மாடித் தண்ணீரைத் தெருவுக்கு விடாதீர்கள்

1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். சென்னையில் 10 செ.மீ. கொட்டும் நாளில் அதே மாடியிலிருந்து 9,000 லிட்டருக்கு மேல் தெருவில் இறங்குகிறது. எல்லா வீடும் இப்படியே விட்டால் எந்த வடிகால்தான் தாங்கும்? 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த இதே ஊர்தான் 2019 ஜூனில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது.

2003-இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், அதனால் உங்கள் வீட்டிலும் அநேகமாக மழைநீரை மண்ணுக்குள் இறக்க ஜல்லி நிரப்பிய ஒரு குழி இருக்கும். அது தண்ணீரை உறிஞ்சுகிறதா என்று ஐப்பசி அடைமழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் திறந்தபோது மேலே காய்ந்த வேப்பிலை, அதற்குக் கீழே ஒரு சாண் கருஞ்சேறு, ஜல்லி கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன், அரை மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றது. ஜல்லியை வாரி, அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்ட பிறகுதான் மடமடவென்று இறங்கியது. இந்த வாளிச் சோதனையை வருஷம் ஒரு தடவையாவது செய்யுங்கள்.

கிணறு இருந்தால் புதிதாகக் குழியே வேண்டாம், மாடிக் குழாயை ஒரு சின்ன வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள். தொட்டியில் அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, நடுவில் நைலான் வலை போதும். பெசன்ட் நகர் மாதிரி மணல் பாங்கான இடத்தில் சாதாரணக் குழியே நன்றாக உறிஞ்சும். களிமண்ணாக இருந்தால் குழியின் நடுவில் களிமண்ணைத் தாண்டி மணல் வரும் வரை துளை போட்டு ஜல்லி நிரப்ப வேண்டும், இல்லையென்றால் அது வெறும் தொட்டிதான், கொசுதான் மிச்சம்.

மழைநீரைச் சம்ப்பில், அதாவது தரைக்கு அடியிலுள்ள தொட்டியில், பிடித்துப் புழங்க நினைத்தால், குழாயின் அடியில் திறந்து மூடுகிற மாதிரி ஒரு மூடி வையுங்கள். முதல் மழை மாடித் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிட்டு அப்புறம் மூடியைப் போடுங்கள். துணி துவைக்க, பாத்திரம் கழுவ அருமையான தண்ணீர், சோப்பு நன்றாக நுரைக்கும்.

தயவுசெய்து கழிவுநீர்க் குழாயை மட்டும் மழைநீர் வடிகாலில் சேர்த்துவிடாதீர்கள், சேறு தேங்கி அடைத்துக்கொண்டு உங்கள் வாசலிலேயே பொங்கும்.

சரி, எல்லாம் முடிந்ததா? அடுத்த பெருமழையில் குடையோடு வாசலுக்குப் போய், உங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் இன்னும் எந்த மூலையில் தெருவுக்கு ஓடுகிறது என்று பாருங்கள். அடுத்த வேலை அங்கேதான்.