அரசியல் நையாண்டி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினாலோ, அரசு புதிய செயலி ஒன்றை அறிவித்தாலோ, நையாண்டி எழுதப் புதிதாக ஒரு கூட்டம் வந்துவிடும். பலருக்கு நல்ல மொழி இருக்கிறது. கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் முன்னால் வந்தவர்கள் எங்கெங்கே விழுந்தார்களோ, சரியாக அங்கேயே இவர்களும் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, அரதப் பழசான மீம், சலிப்பூட்டும் நீளம் இவற்றையெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. எழுத எழுத அவை சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் பார்ப்போம்.

உங்கள் குரல் வாசகருக்குக் கேட்காது

எழுதும்போது நம் மனதுக்குள் ஒரு குரல் ஓடுகிறது. "அடடா, என்ன அருமையான திட்டம்!" என்று தட்டச்சு செய்யும்போதே அந்த இழுவை நம் காதில் விழுந்துவிடுகிறது. வாசகருக்குக் கிடைப்பது எழுத்து மட்டும்தான். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். தாங்கள் எழுதியது கிண்டலா, நிஜமா என்பதை வாசகர்கள் 78 விழுக்காடு சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் கண்டுபிடித்ததோ 56 விழுக்காடுதான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் 73 வரை வந்தார்கள்.

எனவே கிண்டல் தொனியில் இருந்தால் போதாது, சொல்லப்படும் விஷயத்திலேயே இருக்க வேண்டும். தமிழில் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று ஓர் அணியே உண்டு. "தேவர் அனையர் கயவர்" என்று வள்ளுவர் தொடங்குகிறார். அங்கேயே நிறுத்தியிருந்தால் அது பாராட்டு. "அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" என்று காரணத்தையும் அதே குறளில் வைத்துவிட்டார். கேட்க ஆளில்லாமல் இஷ்டப்படி நடப்பதால் கயவரும் தேவர் மாதிரிதான் என்கிறார். பாராட்டைக் கவிழ்க்கும் சாவி அந்தக் காரணத்தில் இருக்கிறது. நீங்களும் புகழ்ச்சி வரும் வாக்கியத்திலேயே காரணத்தை வைத்துவிடுங்கள். அடுத்த பத்தியில் வைத்தால், ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் முதல் பத்தியோடு வெட்டிவிடுவார்.

சோதிப்பது எளிது. உங்கள் அரசியல் நிலைப்பாடு தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இதை எழுதியவர் இந்தத் திட்டத்தை ஆதரிக்கிறாரா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் திரும்ப எழுதுங்கள்.

சிரிப்பு எமோஜியை நம்புவது

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில் 1982இல், இயற்பியல் சோதனை ஒன்றால் லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது என்று ஒருவர் வேடிக்கையாக எழுதினார். சிலர் அதை உண்மையான எச்சரிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள். இதைத் தொடர்ந்த விவாதத்தில்தான், வேடிக்கைப் பதிவுகளுக்கு முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி சேர்ந்த சிரிப்புக் குறியைப் போடலாம் என்று செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் யோசனை சொன்னார். அன்று அந்தக் குறிக்கு ஒரே பொருள். இன்று அதே சிரிப்பு முகத்தை ஆமோதிக்கவும் போடுகிறார்கள், ஏளனம் செய்யவும் போடுகிறார்கள், துக்கச் செய்திக்கடியிலும் போடுகிறார்கள். எமோஜியை எடுத்துவிட்டுப் படித்தால் பொருள் மாறுகிறதா? அப்படியென்றால் அந்த வரி இன்னும் தயாராகவில்லை.

தகவலைப் புனைவது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் தொடர்வதால் எரிச்சலும் இதன் மேல்தான்.

தொலைக்காட்சி ஒன்றின் லோகோ, அமைச்சரின் படம், அவர் சொல்லாத ஒரு வாசகம். இப்படி ஒரு நியூஸ் கார்டைச் செய்ய இன்று ஐந்து நிமிடம் போதும். உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு உங்களைத் தெரியும், அதனால் சிரிப்பார்கள். அவர்களில் ஒருவர் படத்தை மட்டும் சேமித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மேலே நீங்கள் எழுதிய "நையாண்டி" என்ற சொல் அங்கே போவதில்லை. வாட்ஸ்அப் 2018இல் இந்தியாவில் ஃபார்வர்டை ஐந்து உரையாடல்களுக்கு மட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரல் முதல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். இந்தத் தடைகள் வேகத்தைக் குறைக்கும்; கிண்டலையும் செய்தியையும் பிரித்துக் காட்டாது.

பிறகு நடப்பதுதான் உண்மையான சேதம். உண்மை சரிபார்ப்போர் அது போலி என்று அறிவிக்கிறார்கள். அமைச்சரின் ஆதரவாளர்கள் அதையே தூக்கிக் காட்டி, "எங்களை எதிர்ப்பவர்கள் சொல்வதெல்லாம் இப்படித்தான்" என்கிறார்கள். அந்த அமைச்சர் நிஜமாகவே சொன்ன மோசமான வாசகமும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்குள் போய்விடுகிறது. நீங்கள் யாரை விமர்சிக்க வந்தீர்களோ, அவருக்கே கேடயம் செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

"மிகைப்படுத்தித்தானே எழுதினேன், யார் நம்புவார்?" என்பது வழக்கமான பதில். நம்புவார்கள். 2012 நவம்பரில், உலகின் கவர்ச்சியான ஆண் கிம் ஜோங் உன் என்று அமெரிக்க நையாண்டி இதழான தி ஆனியன் எழுதியது. சீனாவின் பீப்பிள்ஸ் டெய்லி இணையதளம் அதை நிஜச் செய்தியாக எடுத்து 55 படங்களுடன் வெளியிட்டது. 2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்ற செய்தி பரவியபோது, தொலைக்காட்சியிலேயே அதை விளக்கிக் காட்டினார்கள். நீங்கள் எதைக் கற்பனை செய்தாலும் அதைவிடப் பெரிய ஒன்றை ஏற்கெனவே யாரோ நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தெளிவான அடையாளம் இல்லாத பகடியை, அது எவ்வளவு அதீதமாக இருந்தாலும், நிஜமென்று எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும் என்று நேதன் போ 2005இல் எழுதியதை இன்று போ விதி என்றே அழைக்கிறார்கள்.

இப்போது இயந்திரங்களும் வாசகர்களாகிவிட்டன. 2024 மே மாதம் கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம், தினமும் ஒரு சிறு கல்லாவது சாப்பிடுங்கள் என்று பதில் தந்தது. மூலம், தி ஆனியனின் பழைய நையாண்டி. பீட்சாவில் சீஸ் வழுக்காமலிருக்க சாஸில் 1/8 கோப்பை பசை கலக்கச் சொன்ன பதிலின் மூலம், பல ஆண்டுகளுக்கு முன் ரெடிட்டில் ஒருவர் அடித்த கிண்டல். நீங்கள் இன்று புனையும் வாசகம், நாளை ஒரு மாணவரின் கேள்விக்குப் பதிலாக வந்து நிற்கலாம்.

சட்டமும் இந்த இடத்தில்தான் கடிக்கும். இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளுக்குச் சிறை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியதால் இனிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவு, அச்சத்தையோ பகையையோ தூண்டக்கூடிய பொய்த் தகவலுக்கும் வதந்திக்கும் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. உண்மையென நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட நோக்கமின்றிப் பகிர்ந்தவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் புனைந்தவருக்கு அது பொய் என்று தெரியும். "நம்பினேன்" என்று சொல்லும் வழி அவருக்கு அடைபட்டுவிடுகிறது. அவதூறைப் பேசும் 356ஆம் பிரிவிலும், பொது ஊழியரின் பணி பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு விலக்கு இருக்கிறது. அவர் செய்யாததைச் செய்தார் என்பது கருத்து ஆகாது. வழக்கை ஜெயிக்கலாம் என்றாலும் அலைச்சல் மிச்சமில்லை. விமான நிலையம் பனியில் மூடப்பட்ட எரிச்சலில், அதைத் தகர்த்துவிடுவேன் என்று 2010இல் ட்விட்டரில் எழுதிய பிரிட்டன் இளைஞர், தண்டனை ரத்தாக 2012 ஜூலை வரை நீதிமன்றப் படியேறினார்.

அப்படியானால் எப்படி எழுதுவது? தகவலை இருக்கிறபடி விடுங்கள். தர்க்கத்தை அதன் கடைசி வரை இழுத்துச் செல்லுங்கள். பணமதிப்பிழப்பையே எடுத்துக்கொள்வோம்.

"செல்லாத நோட்டில் பாதி கள்ளநோட்டு என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் ஒப்புக்கொண்டார்" என்பது புனைவு, அதுவும் நம்பக்கூடிய புனைவு. ஆபத்தானது இதுதான். "நோட்டுகளை வைக்க நிலாவில் கிடங்கு கட்டுகிறார்கள்" என்று எழுதினால் ஆபத்து குறைவு, ஆனால் யாருக்கும் உறைக்காது. இப்போது இதைப் பாருங்கள்: "பெரிய நோட்டுகளில்தான் கறுப்புப் பணம் பதுங்குகிறது என்றார்கள். அதனால் 1,000 ரூபாயை நிறுத்திவிட்டு 2,000 ரூபாயைக் கொடுத்தார்கள்." இதில் ஒரு சொல்லும் கற்பனையில்லை. இன்னும் வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் 2017-18 ஆண்டறிக்கை இருக்கிறது: செல்லாததாக்கிய 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 விழுக்காடு, வங்கிக்கே திரும்பிவிட்டது. அந்த 2,000 ரூபாய் நோட்டையும் 2023 மே 19 அன்று புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இந்த மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கினாலே போதும்.

எழுதி முடித்ததும் எதிர்த்தரப்பு வாசகராக உட்கார்ந்து படியுங்கள். அவரால் "கருத்து தப்பு" என்று சொல்ல முடியலாம். "தகவல் தப்பு" என்று சொல்ல முடியக் கூடாது.

இயந்திரம் தெரியாமல் இயந்திரத்தைக் கிண்டலடிப்பது

வாக்குப்பதிவு இயந்திரத்தை ப்ளூடூத்தில் மாற்றிவிட்டார்கள் என்ற வகைப் பதிவுகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகின்றன. கட்டுப்பாட்டுக் கருவி, வாக்களிக்கும் கருவி, போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச்சீட்டு இயந்திரம் மூன்றும் கேபிளால் இணைக்கப்படுபவை. கம்பியில்லாத் தொடர்புக்கான பாகம் எதுவும் இல்லை என்று தேர்தல் ஆணையம் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறது. உங்கள் பதிவு அங்கேயே முடிந்தது. கேட்க வேண்டிய கேள்வி தப்பிவிட்டது.

கேள்விகள் வேறு இடத்தில் இருக்கின்றன. காகிதத் தடம் நேர்மையான தேர்தலுக்கு இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. இன்று ஒவ்வொரு வாக்குக்கும் சீட்டு அச்சாகிறது, 7 விநாடி கண்ணில் படுகிறது. ஆனால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளைத்தான் எண்ணிச் சரிபார்க்கிறார்கள். அந்த ஐந்தும், ஒன்றாக இருந்ததை 2019இல் நீதிமன்றம் உயர்த்தியதால் வந்தது. எல்லாச் சீட்டுகளையும் சரிபார்க்கும் கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று நிராகரித்த அதே நீதிமன்றம், ஒப்புகைச்சீட்டு இயந்திரத்தில் சின்னங்களை ஏற்றும் கருவியை முத்திரையிட்டு 45 நாள் பாதுகாக்கச் சொன்னது. ஏன் என்று கேட்டால், அங்கே நல்ல நையாண்டிக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது.

மனித சுபாவத்தைப் பற்றி எழுத ஆசையா? 2009 தோல்விக்குப் பிறகு பா.ஜ.க.வின் அத்வானி இயந்திரத்தைச் சந்தேகித்தார். 2017 உத்தரப் பிரதேசத் தோல்விக்குப் பிறகு பகுஜன் சமாஜ் கட்சியின் மாயாவதி சந்தேகித்தார். தோற்றவருக்கு மட்டும் இயந்திரம் கெட்டுப்போகிறது. ஒரு கட்சியை மட்டும் எடுத்து எழுதினால் அது பிரசாரம். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் மனிதர்களைப் பற்றியதாகும்.

சாதி, உடல், நிறம், பேச்சு வழக்கு

தொடாதீர்கள்.

ஒரே பதிவில் மூன்று பேரை அடிப்பது

ஒருவர் போதும்.

பிரபலத்தின் பெயரில் கணக்கு

"பகடி" என்ற சொல் கணக்கின் பெயரிலேயே இருக்க வேண்டும். சுயகுறிப்பில் இருந்தால் யாரும் பார்ப்பதில்லை.

தப்பாகப் புரிந்துகொண்ட வாசகரைத் திட்டுவது

ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டால் அவர் கவனிக்காமல் படித்திருக்கலாம். பத்துப் பேர் என்றால் எழுத்தில்தான் கோளாறு. "நகைச்சுவை தெரியாதவர்கள்" என்று பின்னூட்டத்தில் சண்டை போட்டால், தப்பான புரிதல்தான் இன்னும் மேலே ஏறும். படம் என்றால் உடனே எடுத்துவிட்டு, "நையாண்டி" என்று படத்தின் நடுவே பெரிய எழுத்தில் போட்டு மீண்டும் ஏற்றுங்கள். மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். எழுத்து என்றால் முதல் வரியிலேயே திருத்தத்தை, தேதியோடு சேருங்கள். எடுத்ததற்கான காரணத்தையும் தனிப் பதிவாகப் போட்டுவையுங்கள். பழைய ஸ்கிரீன்ஷாட்டோடு யாராவது தேடி வரும்போது கிடைக்க வேண்டியது அதுதான்.